பொதுத்துறை வங்கி நகைக்கடன்: 16 மாத அனுபவமும் என் மதிப்பீடும்

2024 ஜூன் மாதம் தண்டையார்பேட்டையிலுள்ள ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் என் கல்யாண ஆரத்தை அடகு வைத்து 1,50,000 ரூபாய் நகைக்கடன் வாங்கினேன். வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட மூன்று கடன்களை அடைத்து, அவற்றின் இடத்தில் ஒரே ஒரு கடனை மட்டும் வைத்துக்கொள்வதே எங்கள் நோக்கம். 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய வாரம், கடைசி ரூபாயையும் கட்டிக் கணக்கை முடித்தோம். கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு நகைக்கடனை வாங்கிக் கட்டி முடித்த யாராவது தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறார்களா என்று கடன் வாங்கும் முன் நான் தேடினேன். கிடைத்தவை எல்லாம் விளம்பரங்களாகவே இருந்தன. அதனால்தான் கணக்கோடு இதை எழுதுகிறேன். என் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு. நல்ல சேவை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் மாதாமாதம் நம்மை யாரும் கேட்காத கடன் இது, அந்த மென்மையாலேயே பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடக்கிறது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் தாங்கலில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் 8,500 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் கன்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளராக இருக்கிறார். நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு சம்பளமும் சேர்ந்து 37,500 ரூபாய். கடன் வாங்கியபோது மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஏழாவது மாதம்.

மகன் பிறந்தது 2023 நவம்பர் கடைசியில். மஞ்சள் காமாலைக்காக அவனைச் சில நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் விளக்கொளியில் வைத்திருந்தார்கள். அந்தச் செலவைக் கணவரின் கிரெடிட் கார்டில் போட்டோம். வீட்டுக்கு வந்து மூச்சுவிடுவதற்குள் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்து, மெத்தையையும் வாஷிங் மெஷினையும் வண்டியையும் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டுப் போயிற்று. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் வண்டியைப் பழுது பார்க்கவே சரியாகப் போனது. மீதிச் செலவும் கார்டில் ஏறியது. எனக்குச் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு கிடையாது. நான் வேலைக்குப் போகாத அந்த ஐந்து மாதங்களில் என் இரண்டு சவரன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஏப்ரலில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தண்டல், அதாவது நாள்தோறும் தவணை கட்டும் கடன், வாங்கினார் கணவர். எந்தச் செலவும் வீண் செலவு இல்லை என்பதால்தான், கடன் இவ்வளவு ஏறிவிட்டதை நாங்கள் தாமதமாகக் கவனித்தோம்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தைகள் தூங்கிய நேரத்தில், கடையிலிருந்து கொண்டுவந்த பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் மூன்றையும் எழுதினேன். கார்டில் பாக்கி 74,000 ரூபாய். மாதத்துக்கு 3.5 விழுக்காடு வட்டி, அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வட்டி 2,590, வரி 466, ஆக மாதம் 3,056 ரூபாய். நாங்களோ "குறைந்தபட்சத் தொகை" என்று அவர்கள் சொல்லும் 3,700 ரூபாயைத் தவறாமல் கட்டி, ஒழுங்காக இருக்கிறோம் என்று நிம்மதியோடு இருந்தோம். அந்த 3,700-இல் அசலைக் குறைத்தது 644 ரூபாய் மட்டுமே. பாக்கி இருக்கும் வரை, புதிதாக அந்தக் கார்டில் வாங்கும் பால் பவுடருக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடகுக் கடையில் 60,000 ரூபாய், ரெண்டு வட்டி. அதாவது மாதம் 1,200, ஆண்டுக்கு 24 விழுக்காடு. சேட்டுக் கடையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இரவு எட்டரை மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் என்று தோட்டைக் கழற்றிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பணமும் அடகுச் சீட்டும் கையில் தருகிற இடம் எங்கள் பக்கத்தில் வேறு கிடையாது. அவசரத்துக்கு அது சரி. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு அது தகுந்த இடமில்லை.

தண்டல்தான் எல்லாவற்றிலும் மோசம். 20,000 ரூபாய் என்று பேச்சு. கையில் வந்தது 17,000. நாளொன்றுக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வசூலிப்பவர் மாலை ஏழு மணிக்கு மொபெட்டில் வந்து, வண்டியை நிறுத்தாமலேயே வாங்கிக்கொண்டு, சின்ன அட்டையில் தேதிக்கு நேரே ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் போவார். வெறும் 3,000 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வட்டி. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடைசெய்திருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அந்தச் சட்டத்தை அறியாமலேயே மாலை ஏழு மணிக்கு 200 ரூபாயைத் தயாராக எடுத்துவைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

இந்த மூன்றுக்குமாக மாதந்தோறும் எங்கள் கையைவிட்டுப் போனது 10,900 ரூபாய். அந்தத் தொகையை எழுதிப் பார்த்ததும்தான் நகைக்கடன் யோசனை உறுதியானது. ஏனெனில் மாதம் 10,000 ரூபாய் கட்டும் சக்தி எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அது தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இதே 10,000 ரூபாய் 9 விழுக்காடு வட்டியுள்ள ஒரு கடனுக்குப் போனால் முதல் மாதத்திலேயே வட்டி 1,125 ரூபாய், மீதி 8,875 ரூபாயும் அசலில் கழியும். தங்கம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்க, வெளியே மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். ஆரத்தை எடுக்க என் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை; பேரேட்டைக் காட்டிய பிறகு அவரே பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இனி வங்கியின் சேவை. முதல் நாள் திங்கட்கிழமை போனது என் தவறு. கூட்டம் கதவு வரை நின்றது. நகை மதிப்பீட்டாளர் பதினொரு மணிக்குத்தான் வருவார், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், அன்றைக்கு 15 டோக்கன்தான் என்றார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கே போய் நான்காவது டோக்கன் வாங்கினேன். மகனை மடியில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த காவலாளி தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்தக் கிளையில் எனக்குக் கிடைத்த வசதிகளில் முதன்மையானது அதுதான்.

மதிப்பீட்டாளர் ஐம்பதைக் கடந்தவர். மேஜை விளக்கின் கீழ் ஆரத்தைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு கண்ணியாக விரலால் தள்ளிப் பார்த்தார். பதக்கத்தின் பின்புறத்தை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் அமிலத்தை ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எடை. மொத்தம் 40.120 கிராம் காட்டியது. கெம்புக் கல்லுக்கும் உள்ளே இருக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு, "கல்லு போக முப்பத்தேழு கிராம் அறுநூறு மில்லிதாம்மா நிக்குது" என்றார். ஐந்து சவரன் ஆரம் என்று பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் என் கண்முன்னேயே செய்தார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கல் வைத்த நகையை விடக் கல் இல்லாத வளையலும் சங்கிலியும்தான் அடகுக்கு நல்லவை என்றும் அவரே சொன்னார்.

அன்றைக்குக் கிராமுக்கு 4,800 ரூபாய் தந்தார்கள். நகையின் மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதன்படி 1,80,000 வரை தரலாம், "முழுசா எடுத்துக்கோங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க" என்றார் அதிகாரி. அடைக்க வேண்டியது 1,48,400 ரூபாய் என்று பேரேட்டில் எழுதிக்கொண்டு போயிருந்ததால் 1,50,000 போதும் என்று சொல்ல முடிந்தது. மதிப்பீட்டுக் கட்டணம், நடைமுறைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 812 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். மூன்றரை மணி நேரத்தில் பணம் என் கணக்கில் ஏறிவிட்டது. சம்பளச் சான்று கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. ஆதார், பான் கார்டு, இரண்டு புகைப்படம், அவ்வளவுதான்.

மனத்தில் உறுத்திய இரண்டு விஷயங்களும் அன்றே நடந்தன. ஒன்று, விண்ணப்பம் முழுவதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. பென்சிலால் போட்ட குறிகளைக் காட்டி ஒன்பது இடங்களில் கையெழுத்து வாங்கினார்கள். கடன் தவறினால் என்ன நடக்கும் என்ற பக்கத்தை நான் நின்று படிக்க முயன்றபோது, பின்னால் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார்கள். அன்று தங்கத்தை வைக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள். மீன் விற்பவரும், இட்லிக் கடை வைத்திருப்பவரும், வீட்டு வேலை செய்பவரும் அந்த வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் அவர்களின் ஒரே சொத்தைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது சரியில்லை. இரண்டு, கடனோடு சேர்த்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிரீமியம் கட்டும் ஒரு காப்பீட்டுப் பாலிசியை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். கடன் அடைக்க வந்தவளிடம் மாதம் ஆயிரம் ரூபாய்ப் புதுச் சுமையைத் தள்ளுவது முறையல்ல என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பாலிசி எடுக்காமலும் கடன் கிடைத்தது. அதற்குப் பதில், ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டைக் கணவர் பெயரில் அதே கிளையில் எடுத்துக்கொண்டேன். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், சம்பாதிப்பவர் பெயரில் இந்தப் பாதுகாப்பாவது அவசியம்.

அன்று மாலையே மூன்று கடன்களையும் அடைத்தோம். அடகுக் கடையில் இரண்டு மாத வட்டியோடு 62,400 கட்டிச் சங்கிலியைத் திருப்பினேன். தண்டலில் மீதி இருந்தது 60 நாள், 12,000 ரூபாய். முன்கூட்டியே முடித்தாலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. வட்டியைத்தான் முதலிலேயே பிடித்துக்கொண்டார்களே. கணக்குப்படி பார்த்தால் அதை முன்னதாக அடைத்ததில் வட்டி லாபம் எதுவும் கிடையாது. இருந்தும் அடைத்தது சரி என்றே நினைக்கிறேன். நூறாவது நாளில் "இன்னொரு இருபது எடுத்துக்கோங்கண்ணே" என்று கேட்கும் வாசலை அன்றோடு மூடினோம், மாதத்துக்கு 6,000 ரூபாயும் கையில் நின்றது. கார்டுக்கு 74,000 முழுவதையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால், அடுத்த மாதம் 2,040 ரூபாய்க்குப் பில் வந்தது. கடைசிப் பில் தேதியிலிருந்து நாங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டியும் வரியுமாம் அது. கார்டை மூடுகிறவர்கள் இந்த வால் தொகையை எதிர்பார்த்துக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். "பாக்கி இல்லை" என்ற கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் கையில் மிச்சம் இருந்ததோ 788 ரூபாய். இன்று திரும்ப முடிவெடுத்தால் 10,000 ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்கி, அதை அவசரத்துக்கென்று தனியே வைத்திருப்பேன். கையில் எதுவும் இல்லாத வீட்டில் ஒரு ஜுரம் வந்தாலே மறுபடி தண்டல்காரரைத் தேட நேரிடும்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது வட்டி கணக்கிடும் முறை. கட்டிய மறுநாளிலிருந்தே மீதி அசலுக்கு மட்டும்தான் வட்டி. எந்தத் தேதியிலும், எந்தத் தொகையையும், கைப்பேசியிலிருந்தே நகைக்கடன் கணக்கில் போடலாம். முதலில் அதுவரையிலான வட்டி கழியும், மீதி அசலில் குறையும். இப்படிப் பகுதி பகுதியாகக் கட்டலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தெருவில் நகைக்கடன் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பதுதான் வழக்கம் என்பார்கள். இப்படி எட்டு ஆண்டுகளாக ஒரே வளையலுக்கு வட்டி கட்டிவரும் ஒருவரை எனக்குத் தெரியும். எந்த மாதமும் தவணை இல்லை, யாரும் வீட்டுக்கு வருவதில்லை, போன் அடிப்பதில்லை. பதினொன்றாம் மாதம் ஒரு குறுஞ்செய்தி வருகிறது, அவ்வளவுதான். தண்டல்காரருக்குப் பயந்து தினமும் 200 ரூபாயை எடுத்துவைத்த அதே குடும்பம், கேட்க ஆளில்லாத கடனுக்கு மாதம் ஆயிரம்கூட எடுத்துவைப்பதில்லை. அதனால் இந்தக் கடனுக்குத் தவணையை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதி, வாடகை கொடுத்த கையோடு, 10,000 ரூபாயை அனுப்பினேன். தானாகவே கழியும்படி செய்துதரச் சொன்னேன். நகைக்கடனுக்கு அந்த வசதி இல்லை என்றார்கள். வங்கிகள் இதை ஒரு வசதியாக முன்வந்து கொடுத்தால், வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் கரையேறுவார்கள்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2021-இல் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரனுக்கு உட்பட்டு வைத்திருந்த கடன்களை, அதுவும் நிபந்தனைகளோடு. பொதுத்துறை வங்கியில் இருக்கும் நகைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அந்த 10,000 ரூபாயைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் பெரிய தியாகம் எதுவும் செய்யவில்லை. பேரேட்டில் மூன்று பத்திகள் போட்டேன்: மாறாதது, குறைக்கக்கூடியது, குழந்தைகளுடையது. மூன்றாவது பத்தியில் கைவைப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். ஆவின் பாலும் முட்டையும் பழமும் தடுப்பூசியும் அதில் வரும். குறைக்கக்கூடியதில்தான் வேலை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். முன்பு நேரமில்லை என்று இவற்றை விட்டுவிடுவோம், பிறகு ஒரு மாதமும் விடவில்லை. வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்த நான் கட்டணமில்லாத சாதாரண மாநகரப் பேருந்துக்கு மாறினேன். இருபது நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும், மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாயிற்று. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை வீட்டுச் செலவில் கலக்காமல் அவசரப் பணமாக ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் தொடர்ந்தது; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் விலை ஏறிவிடும், அப்போது முட்டைக் குழம்பு. இரண்டு மாதங்களில், ஒரு முறை மகனுக்கு நிமோனியாவும் ஒரு முறை வண்டி டயரும் வந்தபோது, 4,000 ரூபாய்தான் கட்ட முடிந்தது. கணவரின் தீபாவளி போனஸில் 18,000 ரூபாயைக் கூடுதலாகக் கட்டி அதை ஈடுசெய்தோம்.

2025 ஜூனில் 12 மாதம் முடிந்தபோது மீதி ஏறத்தாழ 32,500 ரூபாய். அந்த ஓராண்டில் கட்டிய மொத்த வட்டி 8,500 ரூபாய் அளவுதான். பழைய வழியிலேயே போயிருந்தால் கார்டு ஒன்றுக்கு மட்டும் அதைப்போல நான்கு மடங்கு வட்டி கட்டியிருப்போம், அசலும் அப்படியே நின்றிருக்கும். ஆனால் நான் நட்சத்திரத்தைக் குறைத்ததும் இந்த இடத்தில்தான். மீதித் தொகைக்காக ஐந்து சவரன் ஆரத்தை வைத்திருக்க வேண்டாம், தங்கம் விலை ஏறியிருப்பதால் ஒரு சவரன் வளையலே போதும், மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அதற்கு முதலில் 32,500 ரூபாயையும் ரொக்கமாகக் கட்டிக் கணக்கை முடிக்க வேண்டும், அதன் பிறகே புதிய கடன் என்றார்கள். எனக்கு அக்கா இருந்தார். ஒரு நாளுக்கென்று தன் கணக்கிலிருந்து அனுப்பினார், ஆரத்தை மீட்டு, வளையலை வைத்து வாங்கிய புதிய கடனிலிருந்து மறுநாளே அவருக்குத் திருப்பினேன். அக்கா இல்லாதவர்கள்? வங்கி வாசலில் டீக்கடை ஓரம் நின்று, ஒரு நாளுக்குப் பணம் கொடுத்து அதற்கொரு தொகை பிடித்துக்கொள்பவரை அன்று நானே பார்த்தேன். வட்டிக்காரரிடமிருந்து தப்பித்து வங்கிக்கு வந்தவர்களை, ஒரு நாளுக்காக மறுபடி வட்டிக்காரரிடமே அனுப்பிவைப்பது இந்தச் சேவையின் பெரிய குறை.

கடன் வாங்கும் மாதத்தையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அந்த ஜூன் கற்றுக்கொடுத்தது. பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம், தடைக்காலத்து விலைவாசி எல்லாம் ஒன்றாக வரும் மாதத்தில் 12 மாதக் கெடுவும் வந்து நின்றது. போனஸ் வரும் வீடுகள் தீபாவளிக்குப் பிந்தைய மாதம் கெடு முடிகிற மாதிரி வாங்குவது நல்லது.

அதே 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றுக்கு மாறியாக வேண்டும் என்று கெடு வைத்தது. அவற்றில் எங்களைப் போன்றவர்களுக்குப் பயனுள்ளவை சில. மதிப்பீடு கடன் வாங்குபவரின் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். முக்கிய நிபந்தனைகளை வட்டார மொழியிலோ அவர் கேட்கும் மொழியிலோ தெரிவிக்க வேண்டும். கடனை முழுவதும் அடைத்தால் அதே நாளில், தவறினால் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம் என்றும் உயர்த்தியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன இந்தச் சலுகை நம் போன்ற குடும்பங்களுக்கு நல்லதில்லை என்பது என் எண்ணம். அதே நகைக்கு அதிகக் கடன் கிடைக்கும் என்றால், அதே நகையைத் திருப்ப அதிகக் காலம் ஆகும். கிளையில் தீராத புகாருக்கு 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

தனியார் நகைக்கடன் நிறுவனங்களையும் விசாரித்தேன். அரை மணியில் வேலை முடியும், மாலையிலும் திறந்திருக்கும், மரியாதையாக நடத்துகிறார்கள். ஆனால் நான் கேட்ட இடத்தில், சுவரில் எழுதியிருந்த குறைந்த வட்டி மாதாமாதம் வட்டி கட்டுபவர்களுக்கு மட்டும்தான். இரண்டு மாதம் தவறினால் விகிதம் படிப்படியாக ஏறும். 4,000 ரூபாய் மட்டுமே கட்ட முடிந்த அந்த இரண்டு மாதங்களை நினைத்துப் பார்த்தால், வங்கி வரிசையில் நின்ற மூன்றரை மணி நேரம் வீண்போகவில்லை.

போகிறவர்கள் செவ்வாய் முதல் வியாழனுக்குள் போங்கள். அடைக்க வேண்டிய தொகையை எழுதிக்கொண்டு போங்கள், அதற்கு மேல் அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகை மட்டும் கேளுங்கள். வைக்கும்போது தரும் சீட்டில் மொத்த எடை, கல் கழித்த எடை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருப்பும்போது நகையை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது அந்த எழுத்தர் முகம் சுளித்தார். "நாங்க என்னம்மா எடுத்துக்கப் போறோம்" என்றார். ஆனாலும் முத்திரையிட்ட பையை என் முன்னே வெட்டி, ஆரத்தை எடுத்துத் தராசில் வைத்தார். 40.120 கிராம் காட்டியது. சீட்டில் எழுதியிருந்ததும் அதுவே.